கோழிக்கொட்டகை

மூன்று இரவுகளில் ஒன்பது கோழிகளையும்
சிறுத்தை கொண்டுபோன பிறகு
கொட்டகை சும்மா கிடந்தது.
வேறு கோழி வாங்கலாம் என்றார் ஜெபமணி.
எனக்கு அங்கே ஓர் உலை வேண்டும் என்றேன்.
கத்தி செய்ய.

"யாரை வெட்ட?"

நியாயமான கேள்விதான்.
கட்டபெட்டு தபால் நிலையத்தில்
பத்தொன்பது வருடம் முத்திரை குத்தியவள்
ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று கத்தி என்றால்
வேறென்ன கேட்பார்.
வெங்காயத்தை, என்றேன்.

மேட்டுப்பாளையம் இறங்கி
சாகுல் பாயின் பழைய இரும்புக் கடையில்
ஒன்றரை அடித் தண்டவாளம்,
விரிசல் விழாத பிரேக் டிரம்,
பேருந்துப் பட்டை இரண்டு.
"என்ன வண்டிம்மா வச்சிருக்கீங்க?"
வண்டியே இல்லை என்றேன்.
ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்,
ஏனென்று தெரியாது.

கடைசி பஸ்ஸில், சாக்குக்குள் தண்டவாளம்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
பக்கத்து சீட்டுக்காரரின் காலைத் தேடிப் போனது.
குஞ்சப்பனை வருவதற்குள்
அவர் வேறு இடம் மாறியிருந்தார்.

டிரம்முக்குள் செம்மண் பூசினேன்.
அடியில் குழாய்.
குழாய் முனையில்
கோவை விடுதிக்குப் போனபோது மகள் விட்டுச்சென்ற
இளஞ்சிவப்பு ஹேர் டிரையர்.
சீகைக் கரி சடசடத்துப் பிடித்துக்கொண்டது.
எதிர்ச் சரிவு ஃபாக்டரியில்
தேயிலை வதக்கும் விசிறிகள் ஓடத் தொடங்கினால்
மின்சாரம் மெலியும்,
ஹேர் டிரையர் பெருமூச்சு விடும்,
இரும்பு சிவப்பிலிருந்து பின்வாங்கும்.

முத்திரைக்கு மணிக்கட்டு போதும்.
சுத்தியலுக்குத் தோளைக் கேட்க வேண்டும்.
முதல் வாரம் என் அடிகளெல்லாம்
தேதி போலவே விழுந்தன:
நேராக, ஆழமாக,
ஒன்றுக்கும் உதவாமல்.

கேரட் பாத்தியிலிருந்து நஞ்சியக்கா எட்டிப் பார்த்தாள்.
"எத்தன மணிக்கு நிப்பாட்டுவே?"
ஏழுக்கு.
"சரி. ஏழேகாலுக்குக் காட்டெருமை வரும்.
அதையாவது தொந்தரவு பண்ணாதே."

பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம்
கம்பியில் தொங்குகிறது.
இரும்பு பழுத்து ஒரு கட்டம் வந்ததும்
யாரோ எவரோ என்று விட்டுவிடும்.
அந்த நொடியில் முக்க வேண்டும்.

முக்கினேன்.
டிசம்பர்க் குளிரில் கடலை எண்ணெய்
கூழாக உறங்கிக்கொண்டிருந்ததை மறந்து.
அரம் வைத்துப் பார்த்தால்
சோப்பைப் போலச் சீவிக்கொண்டு போனது.
கொட்டகையெங்கும் போண்டா வாசனை.
"என்ன பொரிக்கிற?" என்று ஜெபமணி
தட்டோடு வந்து நின்றார்.

இரண்டாவதற்குப் பொறுமையில்லை.
பக்கத்துத் தண்ணீர் வாளியில் இறக்கினேன்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம்.
உறையைக் கிழிக்கும்போது
அதைவிடப் பெரிதாகக் கேட்கும்.
தேய்த்துப் பார்த்தேன்,
நடுவில் ஒரு மயிர்க்கோடு.
மூன்று வாரத்துச் சாயங்காலங்கள்
அந்தக் கோட்டின் இரு பக்கமும் பாதிப் பாதி.
வாளியை உதைத்தேன்.
தண்ணீர் செருப்புக்குள் போனதுதான் மிச்சம்.

கவ்வியில் பிடித்து ஒரு தட்டு,
இரண்டானது.
முனைப்பக்கம் நான்கு விரல் நீளம்.
வர்க்கி சூடாக்கும் அடுப்பில் வைத்து
வைக்கோல் நிறம் ஏறும்வரை
கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு தேய்த்தேன், தீட்டினேன்,
எண்ணெய் தடவாமல் தூங்கிவிட்டேன்.

விடிவதற்குள் மூடுபனி
கோழிவலைக்குள் புகுந்து போயிருந்தது.
கத்தியின் மேல் துரு,
நான் தொட்ட இடத்தில் மட்டும்.
சுழி சுழியாக, ஒரு கோடுகூட அழியாமல்
என் வலது கட்டைவிரல்.
முதியோர் பென்ஷன் படிவங்களில்
எத்தனை ரேகைகள் உருட்டி வாங்கியிருப்பேன்,
என்னுடையதை இப்படிப் பார்த்ததில்லை.

டிபன் பைக்குள் துணி சுற்றி எடுத்துப் போனேன்.
எட்டரைக்குக் குன்னூர்ப் பை வந்தது.
கயிற்றின் மேல் வைத்தேன்.
இழுக்கக்கூட இல்லை.

தக்காளிக்கு ஒன்று வேண்டுமாம் ஜெபமணிக்கு.
வரிசையில் வாங்க, என்றேன்.
துருவை இன்னும் தேய்க்கவில்லை.